அறுபத்து நான்கில் எவை மிஞ்ச வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விளம்பர மாடலாக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம். எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் 38,000 ரூபாய் கொடுத்து, நான்கு உடைகளில் போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பு) எடுத்தோம். 64 படங்களை, கல்யாணங்களுக்குப் போடுவது போன்ற அலங்காரப் பக்கங்கள் கொண்ட கரிஸ்மா ஆல்பமாகப் போட்டுக் கொடுத்தார்கள். உறவினர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சென்னையில், விளம்பரங்களுக்கு மாடல்களைத் தேடித் தரும் ஒரு கோஆர்டினேட்டரிடம் காட்டியபோது, அவர் நான்கைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதில் உங்கள் பெண் எப்படி இருப்பாள் என்றே தெரியவில்லையே அம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தப் படங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம்? மறுபடியும் பணம் செலவழித்து எடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்த கோஆர்டினேட்டர் சொன்னது உங்களுக்கு வருத்தம் தந்திருக்கும். ஆனால் படங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு வேண்டிய அளவுகோலை அந்த ஒரே வாக்கியத்தில் அவர் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். போர்ட்ஃபோலியோவைப் பார்க்கப் போகிறவர் உங்கள் உறவினர் அல்லர். ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்கோ, ஒரு சோப்பு விளம்பரத்துக்கோ முகம் தேடுகிறவர் அவர். இந்தப் பெண்ணை நாளைக் காலை படப்பிடிப்புக்கு வரச் சொன்னால் கதவைத் திறந்துகொண்டு யார் உள்ளே வருவார் என்பதுதான் அவர் மனத்தில் இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்ட்ஃபோலியோவில் அதற்கு இடமில்லை.

தேர்வை நீங்களும் மகளும் மட்டும் உட்கார்ந்து செய்யாதீர்கள். தாய்க்கு எல்லாப் படத்திலும் தன் குழந்தைதான் தெரியும். மகளுக்கோ, வேறு யார் கண்ணிலும் படாத தன் நெற்றித் தழும்புதான் முதலில் தெரியும். படம் எடுத்தவரும் தகுந்த நடுவர் அல்லர். எந்த ஒளிக்காக அவர் இரண்டு மணி நேரம் உழைத்தாரோ அந்தப் படத்தின் மேல்தான் அவருக்குப் பிரியம் இருக்கும். உங்கள் மகளை ஓரிரு முறை மட்டுமே நேரில் பார்த்த இரண்டு பேரைத் தனித்தனியே அழைத்து, 64 படங்களையும் காட்டி, "எந்தப் படம் நேரில் பார்த்ததைப் போலவே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். "எது அழகு?" என்று கேட்டால் தேர்வு திசை மாறிவிடும். இருவருமே சுட்டிக்காட்டும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, நீக்க வேண்டியவை. முகம், கழுத்து, கை மூன்றும் மூன்று நிறமாக இருக்கும் படங்கள் முதலில் போக வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் பலவற்றில், கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, தோலின் நுண்துளைகள் ஒன்றுகூடத் தெரியாமல் மெழுகு பூசியது போல டச்சப் செய்து கொடுக்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய கை அது. மாடலுக்கு அது நேரடியான கேடு. ஏனென்றால் படத்தில் ஒரு நிறமும் நேரில் வேறு நிறமுமாக வருகிறவரை நம்பி அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள். அதைவிடவும் எனக்கு வேதனை தருவது, மாநிறமோ கறுப்போ குறை என்று அந்த டச்சப் ஒரு பெண்ணிடம் சொல்லாமல் சொல்வதுதான். கறுத்த நிறம் உடையவர்களை அழகற்றவர்களாகவோ தாழ்ந்தவர்களாகவோ காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. உங்கள் மகளின் உண்மையான நிறத்தில் உள்ள படம் ஒன்றுகூட ஆல்பத்தில் இல்லையென்றால், அதே படங்களை டச்சப் இல்லாமல் ஸ்டூடியோவிடம் கேட்டுப் பாருங்கள். முகப்பருவையும் அன்றைக்குக் கண்ணின் கீழே இருந்த வீக்கத்தையும் நீக்குவது தவறில்லை. மச்சத்தையும் தாடை வடிவத்தையும் நிறத்தையும் தொடக்கூடாது.

கரிஸ்மா ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு படங்களை ஒட்டி, பின்னால் பூவும் சூரிய அஸ்தமனமும் சேர்த்திருப்பார்கள். அந்த அலங்காரப் பக்கங்கள் எவையும் உதவாது. அவற்றில் உள்ள படங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பாதி முகத்தை மறைக்கும் கூந்தல் ஆகியவை உள்ள படங்களும், வேறொருவர் கூட நிற்கும் படங்களும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் ஒன்றே போதும்.

அதன் பிறகு, ஒரே உடையில் ஒரே ஒளியில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 64 படங்கள் என்றாலும் உடை நான்குதானே? தலையைச் சற்றே சாய்த்தது, கையை இடுப்பில் வைத்தது என்று பதினாறு பதினாறாகப் பெருகியிருக்கும். ஓர் உடைக்கு ஒரு முழு உருவப் படமும் ஒன்றிரண்டு க்ளோசப்பும் போதும். அவை வேறு வேறு உணர்வைக் காட்டினால் இன்னும் நல்லது. நீக்க மனம் வராமல் ஒரே மாதிரியான ஐந்து படங்களை வைத்தால், பார்க்கிறவர் அவற்றில் மிகச் சுமாரானதை வைத்துத்தான் உங்கள் மகளை மதிப்பிடுவார்.

எஞ்சுபவை 10 முதல் 12 படங்களாக இருந்தால் மிகச் சரி. 15-ஐத் தாண்ட வேண்டாம். அவற்றில் லேசான மேக்கப்பில் நேராகப் பார்க்கும் முகம் ஒன்று, பல் தெரியச் சிரிப்பது ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, தலை முதல் பாதம் வரை எதுவும் வெட்டுப்படாத முழு உருவம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டுச்சேலை, நகை, ஜவுளி விளம்பரங்களில் மாடல்களுக்கு நிறைய வேலை இருப்பதால், கொசுவமும் கரையும் முந்தானையும் ஒழுங்காக விழும்படி பட்டு உடுத்திய ஒரு படமும், கை விரல்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படமும் அவசியம். ஆனால் மணப்பெண் அலங்காரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். உங்கள் மகளுக்கு 19 வயதுதான் ஆகிறது. கல்லூரி மாணவியாகவும் முதல் வேலைக்குச் செல்லும் பெண்ணாகவும் தோன்றுவதற்கான வாய்ப்புகளே அவளுக்கு அதிகம் வரக்கூடும். அவற்றுக்குச் சாதாரண சுடிதாரிலோ சட்டையிலோ உள்ள படம்தான் பேசும். இருப்பதில் மிகச் சிறந்ததை முதலிலும் அடுத்ததைக் கடைசியிலும் வையுங்கள்.

இனி, உங்கள் ஆல்பத்தில் அநேகமாக இல்லாததும், பணமே செலவில்லாததுமான பகுதிக்கு வருகிறேன். தொழிலில் இதை டிஜிட்டல்ஸ் என்பார்கள். பழையவர்கள் இன்னும் போலராய்டு என்றே சொல்கிறார்கள். அந்த உடனடிக் கேமராவில் எடுத்த காலத்தில் ஒட்டிய பெயர் அது. போலராய்டு நிறுவனம் 2008-இல் அந்த ஃபிலிமைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மேக்கப்பும் டச்சப்பும் இல்லாமல், உடலோடு ஒட்டிய எளிய டீ ஷர்ட்டும் ஜீன்ஸும் அணிந்து, வெறும் சுவரின் முன்னே எடுக்கும் படங்கள் இவை. சென்னைக் கோஆர்டினேட்டர் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே எடுக்கலாம். காலை நேரத்தில், நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலை மகள் பார்த்து நிற்கட்டும். உங்கள் கைப்பேசியில் அழகுபடுத்தும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். பல கைப்பேசிகளில் அது நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். முகத்தை எடுக்கக் கையெட்டும் தூரத்தில் நின்றால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். எனவே ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். முழு உருவத்துக்குக் கைப்பேசியை உங்கள் கண் உயரத்தில் பிடிக்காமல் அவளுடைய இடுப்பு உயரத்தில் பிடித்தால் கால்கள் குட்டையாகத் தெரியாது. நேராக, பக்கவாட்டில், முகத்தின் முக்கால் பாகம் தெரியும்படி திரும்பி, முடியை விரித்து ஒருமுறை, இறுகக் கட்டி ஒருமுறை, சிரித்து, சிரிக்காமல் என்று எட்டுப் படங்கள் போதும். எடுத்த தேதியும் உயரமும் உடன் இருக்கட்டும். முடியை வெட்டினாலோ எடை மாறினாலோ உடனே புதிதாக எடுத்துவிடுங்கள்.

ஆகவே இப்போதைக்கு மீண்டும் செலவு வேண்டாம். இருப்பதில் ஏழெட்டுப் படங்கள் தேறினால், டிஜிட்டல்ஸையும் சேர்த்து அனுப்பத் தொடங்கலாம். சாதாரண உடையில் ஒரு படமும் தேறவில்லை என்றால் மட்டும், அந்த ஓர் உடைக்காக ஒரு மணி நேரப் படப்பிடிப்புக்கு விலை கேளுங்கள். பேக்கேஜ் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் போர்ட்ஃபோலியோவில் நான் தேர்ந்தெடுத்த படங்களைப் பெரிய அளவில் கேட்டபோது, "படங்கள் எங்களுக்குச் சொந்தம், கூடுதல் பணம் கட்டினால்தான் தருவோம்" என்கிறது ஸ்டூடியோ. வாட்ஸ்அப்பில் வந்த படங்களையே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் வந்த படம் சுருக்கப்பட்டுவிடும், கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரிந்தாலும் அச்சில் மங்கும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிடப் படம் 2480-க்கு 3508 பிக்ஸல் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பன்னிரண்டுக்காவது அந்த அளவுக் கோப்பு உங்களிடம் இருப்பது அவசியம்.

சொந்தம் யாருடையது என்பதற்குச் சட்டத்திலேயே பதில் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே. "வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் உரிமை ஸ்டூடியோவுக்கே என்று அச்சிட்டு, அதில் உங்கள் கையெழுத்தும் இருந்தால் நிலைமை மாறலாம். மேலும், உரிமை உங்களுடையது என்பதாலேயே அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களின் மூலக் கோப்புகள் அனைத்தையும் தந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. எத்தனை படங்கள், எந்த அளவில் என்று ஸ்டூடியோ ஒப்புக்கொண்டதோ அதை வலியுறுத்துங்கள்.

பேச்சில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியலாம். அதன் பின்னும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஓர் ஏஜென்சி என் படங்களைப் பார்த்துவிட்டு, "முகம் நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஃபோட்டோகிராபரிடம் 75,000 ரூபாய்க்கு எடுத்தால்தான் சேர்ப்போம்" என்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். ஏஜென்சியின் வருமானம், அது உங்களுக்கு வாங்கித் தரும் வேலையின் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் கமிஷனாக இருக்க வேண்டும். படம் எடுப்பதிலேயே வருமானம் வந்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்கு வேலை தேடித் தரும் அவசியம் அவர்களுக்கு இராது. அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இப்போது இருக்கும் படங்களில் எது போதவில்லை, ஏன்? முழு உருவம் இல்லை, சிரிப்பு இல்லை, படம் பழையது என்று குறிப்பிட்ட படத்தைக் காட்டிச் சொன்னால், அந்தக் குறையை நீங்கள் விரும்பும் ஃபோட்டோகிராபரிடம் குறைந்த செலவில் தீர்த்துக்கொண்டு மறுபடியும் அனுப்புங்கள். எந்தப் படத்தையும் காட்டாமல் தொகையை மட்டும் திரும்பச் சொன்னால், உங்கள் ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.