குட்டி எங்கே நின்றது?

அன்புள்ள ஐயா,

வரும் ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகிறேன். பத்து ஆண்டுக் கனவு இது. கையில் இருப்பது கேனான் ஆர்7 கேமரா. லென்ஸில்தான் குழப்பம். 100-500 மி.மீ., புதிதாக வந்த 200-800, பழையதாக ஒரு நண்பர் தருவதாகச் சொல்லும் சிக்மா 150-600, இந்த மூன்றில் எதை வாங்கலாம்? சிங்கமும் சிறுத்தையும் ஃபிரேம் நிறைய, கண்ணுக்குக் கண் பார்க்கிற மாதிரி எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. தேக்கடியில் படகிலிருந்து எடுத்த படங்களில் யானை எறும்பு போல இருக்கிறது, வெறுத்துவிட்டது. முக்காலி வேண்டுமா? லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் எக்ஸ்டெண்டர் உதவுமா? அந்தப் பணத்துக்கு நகை எடுக்கலாம் என்கிறாள் மனைவி.

வாசகர், வண்டிப்பெரியாறு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சின்னார்க் காட்டுச் சாலையில் பதினோரு வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். நடுவில் ஒற்றை யானை. வண்டிக்கு ஒன்றாவது நீட்டிய லென்ஸ். மனம் அதிலேயே உழன்றுகொண்டிருந்தபோது ‘ஃபிரேம் நிறைய’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

லென்ஸ் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார், பெரிய சென்சாரைவிட 1.6 மடங்கு சிறியது. 100-500ஐ அதில் மாட்டினால், பெரிய சென்சார் கேமராவில் 160-800 காட்டும் அளவுக்குக் காட்சி குறுகும். 200-800ஐ மாட்டினால் தொடக்கமே 320. மாராவில் சிங்கம் வண்டி நிழலில் வந்து படுப்பது உண்டு. அப்போது 320ஐ வைத்துக்கொண்டு பிடரியைத்தான் எடுப்பீர்கள். எடையையும் பாருங்கள். 100-500 முக்காலியில் மாட்டும் பிடிவளையம் இல்லாமல் 1,370 கிராம், மற்றது இரண்டு கிலோவைத் தாண்டும். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான் விடுவார்கள். ஆகவே 100-500. அதையும் வாங்க வேண்டாம். கொச்சியிலோ பெங்களூரிலோ பத்து நாளுக்கு வாடகைக்கு எடுங்கள்.

பழைய சிக்மா மோசமான லென்ஸ் அல்ல. ஆனால் வண்டிப்பெரியாற்று மழையில் அது எத்தனை வருடம் பீரோவுக்குள் கிடந்தது என்று கேட்டீர்களா? பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போல ஏதாவது ஓடினால் அது பூஞ்சை. நண்பராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எக்ஸ்டெண்டர் வேண்டாம், ஏற்கெனவே எஃப் 7.1இல் நிற்கும் லென்ஸ் எஃப் 10க்குப் போய்விடும், உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். முக்காலியும் வேண்டாம், ஜீப்பில் அதை விரிக்க இடம் இருக்காது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். வெறும் பையாகக் கொண்டுபோய், அங்கே இறங்கியதும் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி வண்டியின் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள். ஓட்டுநரை எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். போதும்.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் மிஞ்சுகிற பணம் சிறிதல்ல. கடிதம் முழுக்க ‘போகிறேன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் வருகிறாரா இல்லையா என்று ஒரு வரி இல்லை. அது எனக்கு உறுத்தியது. வருகிறார் என்றால் அவருக்கு 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முன்கண்ணாடியும் உள்ள நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொடுங்கள். உங்களைவிட அதிகம் அவர்தான் பார்ப்பார்.

இன்னொன்று. மாராவில் நீங்கள் துரத்திப் பிடிக்க நினைக்கும் அந்த ஒல்லி விலங்கின் பெயர் சிவிங்கிப்புலி, ஆங்கிலத்தில் சீட்டா. சிறுத்தை வேறு, அது மறையூரிலும் இருக்கிறது. 1952இல் நம் நாட்டிலிருந்து அற்றுப்போனதாக அரசே அறிவித்த விலங்கு சிவிங்கிப்புலி. அதைப் பார்க்க விமானம் ஏறுகிறவர் பெயரையாவது சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

2008 மே மாதம். என்னிடம் அப்போது 400 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தது, ஜூம் கிடையாது. கேமராவின் சென்சார் உங்களுடையதைப் போலவே சிறியது. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலை சின்னார் சரணாலயத்துக்குள் 16 கிலோமீட்டர் ஓடுகிறது. மழை மறைவுக் காடு. மே மாதத்தில் சரிவெல்லாம் முள்ளும் காய்ந்த புல்லும்தான், பச்சை என்று பார்த்தால் ஆற்றோரத்து நீர்மருதுகள் மட்டும். மாலையில் யானைகள் சாலையைக் கடந்து தண்ணீருக்கு இறங்கும். ஒரு வளைவில் மேட்டுப்பக்கம் பெண்யானை ஒன்று நின்றது. வெயில் என் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும் என்பதற்காக ஜீப்பை ஆற்றுப்பக்கம் ஓரங்கட்டச் சொன்னேன். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று வண்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன.

அவள் தலையை உயர்த்தினாள். காதுகளை விரித்தாள். தும்பிக்கை நுனியை உள்ளே சுருட்டிக்கொண்டு நேராக என் லென்ஸைப் பார்த்தாள். இருபது நிமிடம் அப்படியே நின்றாள். நான் 27 படங்கள் எடுத்தேன். இமை முடிகளை எண்ணலாம். கன்னத்தில் பூசிய சேறு காய்ந்து வெடித்திருந்த கோடுகளும், அதற்குள் ஒட்டியிருந்த ஒரு புல்லிதழும் தெரியும். நீங்கள் கேட்கிறீர்களே, ஃபிரேம் நிறைய, கண்ணுக்குக் கண். அதேதான்.

இரவு மறையூர் டீக்கடையில் வனத்துறை வாட்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுவர் இனத்தவர், இந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். பெருமையோடு கேமராவின் பின்திரையைக் காட்டினேன். டீயைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

“குட்டி எங்கே நின்றது?”

“குட்டி இல்லை, இது தனியாக நின்ற யானை” என்றேன்.

“இருக்கும். மறுபக்கம் நின்றிருக்கும். உங்கள் வண்டி எந்தப் பக்கம் நின்றது?”

சொன்னேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு வரச்சொல்லிப் போய்விட்டார்.

காலையில் வளைவில் எங்கள் டயர்த் தடம் புழுதியில் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஐந்து கவடு கீழே, சரிவில் உண்ணிச்செடிப் புதர். புதருக்குள் அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சிரட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டங்கள், பத்துப் பன்னிரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி மிதித்தவை. குட்டி முந்தி இறங்கிவிட்டிருக்கிறது. அம்மா பின்னால் வருவதற்குள் நான் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். இருபது நிமிடம் அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பி. எனக்குப் பின்னால் இருந்த தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கையை முழுக்க நீட்டிச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடியுங்கள். அந்த இரண்டு விரல் மறைக்கிற அகலம்தான் அன்று என் லென்ஸ் எனக்குக் காட்டியது, ஏறத்தாழ 3 டிகிரி. உங்கள் கேமராவில் 500 இன்னும் குறைவாகக் காட்டும், ஏறத்தாழ 2.5 டிகிரி. விரலுக்கு வெளியே காடு முழுவதும் இருந்தது. நான் பார்க்கவில்லை. கண்ணை லென்ஸிலிருந்து எடுத்துப் பின்னால் ஒருமுறை திரும்பியிருந்தால் புதர் அசைவது தெரிந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினேன். ‘என்ன கம்பீரம்’ என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கேமராவை நேராகப் பார்க்கும் விலங்கின் படத்தை எங்கே பார்த்தாலும் இப்போது நான் தேடுவது வேறு. காது எப்படி இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது, மேய்ந்த புல் வாயில் பாதியில் நிற்கிறதா? நிற்கிறது என்றால் படம் எடுத்தவர் அதன் சாப்பாட்டைக் கெடுத்திருக்கிறார். நாம் பரிசு கொடுக்கிற படங்களில் பெரும்பாலானவை தொந்தரவு செய்யப்பட்ட விலங்குகளின் படங்கள். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

மாராவில் இது இன்னும் கொடுமை. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிற விலங்கு, சுற்றுலா வண்டி ஓடுகிற அதே நேரத்தில். 2018இல் வெளியான ஓர் ஆய்வு மாராவின் தாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தது. வண்டிகள் குறைவாக வரும் இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை ஆளாக்குகிறாள். வண்டிகள் மொய்க்கும் இடங்களில் 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. வேட்டைக்காரன் சுட்டுக் குறைந்த கணக்கு அல்ல இது. நம்மைப் போல ஆசையோடு போனவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று ஓட்டுநரைத் தூண்டிய இடங்களின் கணக்கு.

நம் புலிக் காப்பகங்களில் எந்த விலங்கிடமிருந்தும் 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. விதிக்குப் பயந்து தள்ளி நிற்காதீர்கள். நீண்ட லென்ஸ் எதற்கு இருக்கிறது? தள்ளி நிற்பதற்குத்தான். லென்ஸையும் நீட்டி வண்டியையும் நெருக்குகிறவருக்கு அது எதற்கு? அவருக்கு செல்போனே போதும். ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லுங்கள், கூட்டமாக நிற்கும் இடத்துக்கு என்னை அழைத்துப் போக வேண்டாம் என்று. அதற்காக அவருக்குக் கிடைக்கும் அன்பளிப்பு குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் குடும்பத்தையும் நினைக்க வேண்டும் அல்லவா.

தேக்கடிப் படங்களை அழித்துவிடாதீர்கள். 1895இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன. அந்த மொட்டைகளுக்கு அப்பால் கரையில் சிறிதாக ஒரு யானை நடந்து போகிறது என்றால், தம்பி, அது எறும்பு அல்ல, அது அந்த இடம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களைத் தேடிப் பாருங்கள். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியோடு காட்டில் அலைந்தவர் அவர்.

உங்கள் தேக்கடிப் படங்களில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மனைவியோடு மறையூர் வாருங்கள். கேமரா வேண்டாம். அந்த வாட்சர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கூப்பிட்டால் ஆற்றங்கரை வரை நடந்து வருவார். முந்தின இரவே வந்து தங்கிவிடுங்கள், காலை ஆறுக்குப் புறப்பட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சாலையில் காற்று கொதித்து அலையத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு 500ஆக இருந்தாலும் 800ஆக இருந்தாலும் தூரத்து விலங்கு தண்ணீருக்கடியில் நிற்பது போலத்தான் தெரியும். மாராவிலும் அப்படித்தான்.