பொங்கோ அடித்தவர்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளி. ராப் எழுதுகிறேன். அமெரிக்க ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா கொம்ப்டன்’ பாட்டைப் பல வருடமாகக் கேட்கிறேன். அதன் டிரம்ஸ் எல்லாம் பழைய பாட்டுகளில் வெட்டி எடுத்தது என்று போன மாதம்தான் தெரிந்தது. ஏமாந்த மாதிரி இருக்கிறது. இது களவா, கலையா? அம்மப்பாவிடம் பழைய பொப் பாட்டுக் கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதில் ஐந்து செக்கனுக்குள் எடுத்தால் அனுமதி வேண்டியதில்லை என்கிறான் நண்பன். சரியா?

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் சொன்னது பிழை. சட்டத்தில் அப்படிச் செக்கன் கணக்கு எதுவும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டை ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. கேட்டு எடுங்கள், அவ்வளவுதான். களவா கலையா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. 1988இல் அந்தப் பாட்டைச் செய்த பெடியன்கள் பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைச் சுழலவிட்டு, அதன் மேல் தங்கள் ஊரின் கோபத்தை ஏற்றினார்கள். கேட்டால் உடம்பு நிமிர்கிறது. வேறென்ன வேண்டும்?

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ‘பழைய பாட்டுகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அடித்தது யார்? ஒரு மாதமாகக் கவலைப்பட்டவருக்கு அதைத் தேட ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா?

ஒருவர் கிரெகரி கோல்மன். 1969இல் த வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட தட்டின் மறுபக்கத்தில், மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, ஆறேழு செக்கன் தனியே அடித்தார். அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போனது. அவர் 2006இல் வறுமையில் செத்துப்போனார். 2015இல் ரசிகர்கள் பணம் சேர்த்துச் சுமார் 24,000 பவுண் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளக் குழுத் தலைவர்தான் இருந்தார். மற்றவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கு அவர் அடித்த 1970ஆம் ஆண்டுப் பாட்டுக்குப் பெயரே ‘ஃபங்கி டிரமர்’. டிரம்ஸ்காரரின் பெயரால் பாட்டு, ஆனால் ஆக்கியவர் என்ற இடத்தில் பிரவுன் மட்டும். அடித்த கைக்கு உரிமைப் பணம் வரவில்லை.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். பொப் பாடகர்கள் என்றால் நித்தி கனகரத்தினத்தைத் தெரியும், ஏ.ஈ. மனோகரனைத் தெரியும். அந்தப் பொப் பாட்டுகளுக்குப் பொங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் அடித்தவர்களில் ஒருவரையாவது சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். கொழும்புக்குப் போய் ஒரு பொப் பாட்டுக்குப் பொங்கோ அடித்துவிட்டு வந்தவர். தேத்தண்ணிக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கிளாஸைத் தள்ளி வைப்பார். இரண்டாவது சரணம் முடிந்து பாடகர் மூச்சு எடுக்கிற இடத்தில் நாலு தட்டு பொங்கோ தனியே வரும். பிளாஸ்டர் சுற்றிய இரண்டு விரலால் மேசையில் அதை ஒரு மயிரிழை முந்தி அடிப்பார். “இது நான், தம்பி.” பாட்டு முடிந்தபின் அறிவிப்பாளர் பாடியவரைச் சொல்வார், எழுதியவரைச் சொல்வார். அதுவரை அவர் கிளாஸைத் தொடமாட்டார். பிறகு ஆறின தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார்.

கசெட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடையான ரெக்கோடிங் பாரில் அந்தப் பாட்டைப் பதியக் கொடுத்தபோது கசெட் அட்டையை நானே எழுதினேன். பாட்டின் முதல் வரி, பாடகர் பெயர். அட்டையில் இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. அவர் பெயரை எழுதத் தோன்றவில்லை. அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. அந்த அட்டை இன்னும் என் மேசையில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது. குடும்பத்தைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே போடக் கூடாது. கேட்டு வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மப்பா இன்னும் இருக்கிறார்தானே? இன்றைக்கே அந்தப் பெட்டியோடு போய் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு கசெட்டாகப் போட்டு, எதில் யார் அடித்தது, யார் வாசித்தது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடற்கரை வீடு என்றால் கசெட்டில் பூஞ்சணம் பிடித்திருக்கும், துடைக்காமல் பிளேயரில் போட்டுவிடாதீர்கள்.