பேக்ஃப்ளிப்பில் உயரம் வரவில்லையா, தலையைக் கவனியுங்கள்
நின்ற இடத்திலிருந்து பேக்ஃப்ளிப், அதாவது காற்றிலேயே பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம், அடித்தால் உயரமே வரவில்லை, கை தரையில் ஊன்றிவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் தலையைச் சீக்கிரமே பின்னால் எறிவதுதான் காரணம். கால் தரையை விட்டபிறகு உயரத்தைக் கூட்ட வழியே கிடையாது, அதனால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் முழுசாக நீளும்வரை கண் நேரே எதிர்ச்சுவரைப் பார்க்கட்டும், கைகள் காதோரம் வரை வேகமாக மேலே போய் அங்கேயே சட்டென்று நிற்கட்டும். அப்புறம்தான் மடங்க வேண்டும், அதுவும் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து. ரொம்ப ஆழமாக உட்கார்ந்து எழாதீர்கள், வேகம் செத்துவிடும். கொஞ்ச நாள் ஃப்ளிப்பையே விட்டுவிட்டு, கையை வீசி மெத்தை அடுக்கின் மேல் நேராகக் குதித்துப் பழகுங்கள். சரி, திரும்ப ஃப்ளிப் போடும்போது இடுப்பைத் தாங்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.