"நான் எந்த வார்த்தையை விட்டுட்டேன்பா?"

கேள்வி: உண்ணி கடித்த பிறகு ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதுவும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆல்ஃபா-கேல் அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாக்கெட் உணவில்தான் குழப்பம். பொடி எழுத்து எனக்குச் சரியாகத் தெரியாது. 12 வயது மகள்தான் கடையில் படித்துச் சொல்வாள். போன மாதம் இரவு 8 மணிக்கு பாக்கெட் சூப் குடித்தேன். நள்ளிரவில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியது. "நான் எந்த வார்த்தையை விட்டுட்டேன்பா?" என்று மகள் அழுதாள். பயமில்லாமல் வாங்கக்கூடிய பொருட்களைப் பட்டியலிட்டுத் தருவீர்களா?

பதில்: தர மாட்டேன். அதே படம், அதே நிறத்தோடு வரும் பாக்கெட்டில் சேர்மானம் மட்டும் மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் படித்துத்தான் ஆக வேண்டும். யார் படிப்பது என்பதுதான் என் கேள்வி.

கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போடுங்கள் தம்பி. அப்பாவின் உயிரைக் கொண்டுபோய் ஒரு குழந்தையின் கண்ணில் வைத்திருக்கிறீர்கள். அவள் அழுததைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, என்னிடம் பட்டியல் கேட்கிறீர்கள். பிள்ளையைக் காப்பது அப்பாவின் வேலை. அதை இந்த வீட்டில் அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட வேலை! 'இறைச்சி' என்று தேடினால் அவள் கண்ணில் என்ன படும்? ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. மிட்டாயில் இருக்கும், நீங்கள் விழுங்கும் மாத்திரைக் கூட்டிலும் இருக்கும். கோழி சாசேஜ் என்று நம்பி வாங்கினால், மேலே சுற்றியிருப்பது பன்றிக் குடலாக இருக்கலாம். 'இயற்கைச் சுவையூட்டி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மாட்டிறைச்சிச் சாறு ஒளிந்திருக்கலாம். உணவிலும் மாத்திரையிலும் சேர்க்கும் கிளிசரின், ஸ்டியரேட் எல்லாம் செடியிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று லேபிள் பெரும்பாலும் சொல்லாது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தொடக் கூடாது. இதையெல்லாம் 12 வயதுப் பிள்ளை செய்வாளா?

சரி, சூப்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்த அலர்ஜி சாப்பிட்ட உடனே காட்டாது. பொதுவாக 2 முதல் 6 மணி நேரம் ஆகும். அன்று மாலையிலிருந்து வாயில் போட்டது எல்லாவற்றையும், மாத்திரை உட்பட, எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பாலும் சிலருக்கு ஆகாது, அதையும் கேளுங்கள். மூச்சுத் திணறிய இரவில் ஆஸ்பத்திரிக்குப் போனதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது என்னை உலுக்குகிறது. அலர்ஜி கடுமையாகி மூச்சுத் திணறினால் போடும் எபிநெஃப்ரின் ஊசியை டாக்டரிடம் எழுதி வாங்கி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மறுபடி உண்ணி கடித்தால் அலர்ஜி இன்னும் முறுகலாம். புல்வெளிக்குப் போய் வந்தால் உடம்பைத் தடவிப் பாருங்கள்.

அப்புறம், இன்று ராத்திரியே மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "நீ எந்த வார்த்தையையும் விடலைம்மா. படிக்க வேண்டியவன் நான்."