நீலத் தூண் போலியா?

ஜெர்மனியின் வீஸ் தேவாலயத்தில் பீடத்தருகே இருக்கும் நீலத் தூண்கள் பளிங்கு இல்லை என்று வழிகாட்டி சொன்னதும் ஏமாந்ததுபோல இருந்தது என்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான், ஆனால் அது மட்டரக வேலை இல்லை. ஜிப்சம், விலங்குப் பசை, சாயம் மூன்றையும் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, பல நிற உருண்டைகளைச் சேர்த்து, வில்லைகளாக நறுக்கித் தூணில் ஒட்டி, திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அசல் பளிங்கைவிடச் செலவு கூடியதும் உண்டு. கைவைத்தால் பளிங்கின் சில்லிப்பு இருக்காது (தொடாதீர்கள், திட்டுவார்கள்).

அப்புறம் நிறம். சிவப்புத் தூண்கள் கிறிஸ்துவின் இரத்தம். நீலம் வானிலிருந்து இறங்கும் அருள். கசையடிபட்ட இயேசு சிலைக்காகவே எழுந்த கோயில் அது, அதனால் இந்த நிறங்கள் வேண்டியிருந்தன. அத்தனை நீலப் பளிங்குக்கு 1750 வாக்கில் கட்டடக் கலைஞர் சிம்மர்மன் எங்கே போவார்?