விதை கேள்வி-பதில்: முதலில் ரசீதைக் காட்டுங்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் விதையின் ரகப் பெயரே இல்லை. 'நல்ல விதைன்னு கொடுத்தாக' என்று எழுதினால் நான் என்ன ஜோசியமா பார்க்க?

சந்தைத் தக்காளி பத்து நாளானாலும் கெடுவதில்லை. மரபணு மாற்றமா? (தேவகோட்டை)
இல்லை. வீரிய ஒட்டு (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதை), தோல் தடிப்பு, அவ்வளவுதான். நம் நாட்டில் விவசாயி கடையில் வாங்கி விதைக்க அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி (புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே சுரக்கும்படி பாக்டீரியா ஜீன் வைத்தது) ஒன்றே. அதுவும் 2002இலிருந்து.

பி.டி. கத்தரி விதை ஒருவர் தருகிறார், வாங்கலாமா? (கல்லல்)
வேண்டாம். 2009இல் நிபுணர் குழு சரி என்றது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வங்கதேசத்தில் விளைகிறது, அது அவர்கள் பாடு. இங்கே விற்றால் திருட்டு விதை. ரசீது கேட்டுப் பாருங்கள், ஆளைக் காணாது.

பி.டி. பருத்தி போட்டும் காய்க்குள் புழு. கம்பெனி ஏமாற்றிவிட்டதா? (காளையார்கோவில்)
எந்தப் புழு? எழுதவில்லை. காயை உடையுங்கள். நெல்லைவிடச் சற்றுப் பெரிதாக, இளஞ்சிவப்பாக நெளிந்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 2006இல் இரண்டு ஜீன் வைத்த விதை வந்தது. பத்து வருஷத்துக்குள் இந்தப் புழு அதற்கும் பழகிவிட்டது. ஏன்? 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள், பருத்திக் காட்டைச் சுற்றி ஓரத்தில் போட. அதில் வளரும், நஞ்சுக்குப் பழகாத சாதுப் புழு, நஞ்சுக்குத் தப்பிய புழுவோடு இணைந்தால் எதிர்ப்புச் சக்தி நீர்த்துப்போகும். கணக்கு அதுதான். நம்மாள் என்ன செய்தார்? ஒரே காட்டின் வரப்போரம் பிரிக்காத பொட்டலம் ஏழு பொறுக்கியிருக்கிறேன். கேட்டால், "அது புழு தின்கிற விதை சார்." தின்னத்தானப்பா கொடுத்தது! விற்ற கடைக்காரரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது பைக்குள்ளேயே கலந்து தருகிறார்கள், காலம் கடந்து. கடைசிப் பறிப்புக்கு ஆசைப்பட்டு மறுபடி தண்ணீர் கட்டாதீர்கள்; பருத்தி மாரை (காய்ந்த செடியை) பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த முறை ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சி வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிப்பது) வையுங்கள். ரசீது இருக்கிறதா, அதையாவது சொல்லுங்கள்.

கருப்புக்கவுனி விதையை நானே எடுத்து வைத்தால் யாராவது காசு கேட்பார்களா? (பள்ளத்தூர்)
யார் கேட்பது? பாட்டன் காலத்து நெல். பதிவான ரகத்தைக்கூட 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயி உரிமைச் சட்டப்படி விவசாயி எடுத்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. பூக்கும்போது வயலில் இறங்கிக் கலப்பனை (வேறு ரகச் செடியை) பிடுங்குங்கள்.

வீரிய ஒட்டுக் கத்தரியில் விதை எடுத்தேன், செடிக்கு ஒரு விதமாகக் காய்க்கிறது. (கோட்டையூர்)
காய்க்கும். ஒட்டில் விதை எடுக்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

மானாவாரிக்கு நெல்? (திருப்பத்தூர்)
அண்ணா 4. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் 2009இல் வெளியானது. நூறு நாள் சொச்சம். சான்று விதை வாங்குங்கள், நீல அட்டை பார்த்து.