பப்பாளி பூக்கிறது, காய்க்கவில்லை: ஓரில்லம், ஈரில்லம் என்றால் என்ன?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். வீட்டுப் பப்பாளி இரண்டு வருடமாகப் பூத்தும் ஏன் காய்க்கவில்லை. பாடத்தில் படித்த ஓரில்லம், ஈரில்லம் என்ற சொற்களுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா. நேரடிச் சம்பந்தம் உண்டு.

முதலில் பூவைப் பார்ப்போம், மரம் அப்புறம். ஒரு செம்பருத்தியை எடுத்துப் பாருங்கள். நடுவில் நீளும் தண்டைச் சுற்றி மஞ்சளாக மகரந்தப் பைகள். அதே தண்டின் நுனியில் ஐந்து சிறு குமிழ்கள். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் பகுதி அது. ஆண், பெண் இரண்டும் ஒரே பூவில் இருப்பதால் இது இருபால் பூ. தக்காளி, வெண்டையும் அப்படித்தான். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஒருபால் பூ.

இருபால், ஒருபால் என்பவை பூவைப் பற்றிய சொற்கள். ஓரில்லம், ஈரில்லம் என்பவை முழுச் செடியைப் பற்றியவை. நான் பார்த்தவரை பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இல்லம் என்றால் வீடு. சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1735இல் தாவரங்களை வகைப்படுத்தியபோது, வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயர்களை உண்டாக்கினார். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் இருந்தால் ஒரே வீட்டில் குடித்தனம், அது ஓரில்லம். ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ இன்னொரு செடியிலும் இருந்தால் ஈரில்லம். நம் தமிழ்ச் சொல் அந்த உருவகத்தை அப்படியே பிடித்திருக்கிறது.

சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் நம் வீடுகளில் பெரும்பாலும் ஓரில்லக் கொடிகள். பெண் பூவின் அடியில் விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். இந்தக் கொடிகளில் பெரும்பாலும் ஆண் பூ முதலில் வரும், பெண் பூ பிறகுதான். இது தெரியாமல் ஒரு முறை எங்கள் சுரைக்கொடியை ‘ஆண் கொடி’ என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காய்த்திருக்கும். அந்த வருத்தத்தில்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

தென்னையும் ஓரில்லம். பாளை வெடித்ததும் ஒவ்வொரு கதிரையும் பாருங்கள்: அடியில் உருண்டையாகச் சில பெண் பூக்கள், மேலே நுனி வரை நூற்றுக்கணக்கில் ஆண் பூக்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பனை ஈரில்லம்!

பனைக்காரர்களுக்கு இந்தப் பாகுபாட்டை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எங்கள் தாத்தா ஊர் தேரிக்காட்டுப் பக்கம். “இது ஆண்பனை, பாளை சீவலாம், நுங்குக்கு அந்தப் பக்கம் போ” என்று தூரத்திலிருந்தே கை காட்டுவார். பதநீர் இரண்டிலும் இறக்கலாம். நுங்கு பெண்பனையில் மட்டும்தான். அவர் கணிக்க முடியாதது வடலியை, அதாவது இளம் பனையை. பனை பாளை விடவே 12, 15 ஆண்டு ஆகும். அதுவரை வடலியின் ஓலையையோ தண்டையோ பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

செய்யாற்றை ஒட்டிய திருவோத்தூர்ச் சிவன் கோயிலின் தலமரம் பனை. ஓர் அடியார் அங்கே வைத்து வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகிப் போக, திருஞானசம்பந்தர் பாடியதும் அவை குலை ஈன்றன என்பது தலவரலாறு. ஆண்பனை காய்க்காது என்பது ஊர் அறிந்த உண்மையாக இருந்தால்தானே அது காய்த்தது அற்புதமாகும்? லின்னேயஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் ஊரில் ஈரில்லத்தை விளங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

தாழையும் ஈரில்லம்தான். நாம் தலையில் வைத்துக்கொள்ளும் மணக்கும் தாழம்பூ, ஆண் தாழையின் பூங்கொத்து. உலகில் பூக்கும் தாவரங்களில் சுமார் 6 சதவீதம்தான் ஈரில்லம் என்பதால், பனையும் தாழையும் அருகருகே நிற்கும் நம் கடற்கரைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பெருமை வரும்.

இரண்டு வகையிலும் சரியாக அடங்காதவையும் உண்டு. மாம்பூங்கொத்தில் ஆண் பூவும் இருபால் பூவும் கலந்து வரும். பப்பாளி அதைவிட ஒரு படி மேல்: ஆண் மரம், பெண் மரம், இருபால் பூ பூக்கும் மரம் என்று மூன்று. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 ரகத்தில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும். ஆண் மரம் வராது.

இப்போது உங்கள் மரத்தடிக்குப் போங்கள். நீளமான காம்பு கிளைகிளையாகத் தொங்கி, அதில் மெல்லிய குழல் போன்ற சின்னப் பூக்கள் கொத்தாக இருந்தால் அது ஆண் மரம். காய்க்காது, எப்போதாவது காம்பு நுனியில் ஒன்றிரண்டு காய் வந்தால் உண்டு. பூக்கள் தண்டை ஒட்டிக் குட்டைக் காம்பில், அடி பருத்து இருந்தால் பெண் மரம். அப்படியானால் அக்கம்பக்கத்தில் ஓர் ஆண் மரமோ இருபால் மரமோ இல்லாததுதான் காரணமாக இருக்கலாம், மரத்தை வெட்டிவிடாதீர்கள். நீங்கள் ‘கொத்துக் கொத்தாக’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆண் மரம் என்றுதான் தோன்றுகிறது. ஒரு பூவை நீளவாக்கில் கீறி, அடியில் குட்டிப் பிஞ்சு போல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.